உணவுப் படலமும் ‘எளிதில் தோன்றுவது’ என்னும் தீர்ப்பும்

உணவுப் பண்டங்களைப் பொதிவதற்கென வகுக்கப்படும் பல அடுக்குப் பிளாஸ்டிக் படலங்களுக்குக் காப்புரிமை கேட்டு வரும் விண்ணப்பங்களில், அடுக்குகள் ஒவ்வொன்றும் ஏற்கெனவே வியாபாரத்தில் புழங்கும் சரக்காகவே இருப்பதால், ‘இது எவருக்கும் தோன்றியிருக்கக்கூடியதுதானே’ என்று தள்ளிவிடும் சபலம் பரிசோதகருக்கு எளிதில் எழுகிறது. 1966-இல் கிரஹாம் எதிர் ஜான் டியர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இச்சபலத்துக்கு ஒரு கடிவாளம்: முன்பே அறியப்பட்டிருந்தவை எவை, அவற்றுக்கும் கோரிக்கைக்கும் உள்ள பேதம் யாது, அத்துறையின் சாமானிய நிபுணனுடைய தேர்ச்சி எவ்வளவு என்னும் விஷயங்களை நிர்ணயித்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

இம்முறையின் பலவீனம் அந்த நிபுணனைக் கற்பனை செய்யும் விதத்தில் இருக்கிறது. அதே ஆண்டில், பிளாஸ்டிக் பைகளில் பண்டம் அடைக்கும் சாதனம் பற்றிய வின்ஸ்லோ வழக்கில், நீதிபதி ஜைல்ஸ் ரிச், தொடர்புடைய முந்தைய ஆவணங்களையெல்லாம் சுவர்களில் தொங்கவிட்டுக்கொண்டு தம் பட்டறையில் வேலை செய்யும் மனிதரொருவரைச் சித்திரித்தார். அழகிய சித்திரந்தான், ஆனால் அந்தச் சுவர்களில் இன்ன ஆவணத்தை மாட்டவேண்டுமெனத் தேர்ந்தவர், கோரிக்கையை முன்கூட்டியே படித்துவிட்ட பரிசோதகரல்லவா?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். எத்திலீன் வினைல் ஆல்கஹால் பிராணவாயுவைத் தடுப்பதில் மிகச் சிறந்ததாயினும் ஈரம் ஏறினால் அத்திறன் குன்றிவிடுமாதலால், அதனைப் பாலிபுரொப்பிலீன் அடுக்குகளுக்கு நடுவே பொதிந்து, தாமாக ஒட்டாத அவ்விரண்டையும் பிணைக்க இடையில் ஒட்டடுக்கு வைப்பது வழக்கம். அப்படியிருந்தும், சுமார் 121 பாகை செல்சியஸில் நீராவியால் கிருமி நீக்கும்போது ஈரம் உள்ளே புகுந்து, பிறகு மெள்ள மெள்ளத்தான் வெளியேறுகிறது. ஒட்டடுக்கிலேயே ஈரமுறிஞ்சும் உப்பைக் கலப்பதென ஒருவர் கோரினால் என் செய்வது? உப்பும் பழையது, ஒட்டடுக்கும் பழையது. தடைத்திறன் குன்றுவதற்கு அடைபட்ட ஈரமே காரணமென்று தொழிலில் அனைவரும் அறிந்திருந்தால், பரிகாரம் தானே வந்து நிற்கும். காரணத்தைக் கண்டுபிடித்ததே விண்ணப்பதாரரென்றால், பரிகாரம் சுலபமானதென்பது அவருக்குப் பாதகமாகக் கூடாது. மேலும், மெல்லிய ஒட்டடுக்கில் தூளைக் கலந்தால் பிணைப்பே தளர்ந்துவிடுமோ என்று நிபுணன் தயங்கியிருப்பானா என்பதையும் விசாரிக்கவேண்டும்.

2007-இல் காரின் ஆக்ஸிலரேட்டர் மிதி பற்றிய கே.எஸ்.ஆர். வழக்கில், அந்நிபுணன் வெறும் இயந்திரமல்லன், சாமானியக் கற்பனையும் உடையவனே என்றும், இரண்டை இணைப்பதற்கான காரணம் ஆவணத்தில் எழுதப்பட்டே இருக்கவேண்டுமென்பதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் கூறிற்று. படலத் தொழிலைப் பொறுத்தவரை இது நியாயமானதென்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அத்தொழிலின் அறிவில் பெரும்பகுதி ஏட்டில் இல்லை, உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் இயந்திரத்தருகே நிற்பவர்களின் கையில் இருக்கிறது. ஆனால், காரணத்தைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டுமென்ற அத்தீர்ப்பின் நிபந்தனையை மறந்து, ‘பொது அறிவு’ என்ற ஒரே சொல்லால் இடைவெளிகளை நிரப்பிவிடும் சோம்பலுக்கும் அதுவே வழிவிட்டது.

எளிதில் தோன்றக்கூடியதன்று என்பதற்கு விற்பனை வெற்றியைச் சாட்சியமாகக் காட்டுவதை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. படலத்தை விற்றது விலையா, விளம்பரமா, அடுக்கின் மகிமையா என்று பிரித்தறிவது அரிது. எதிர்பாராத பலன் என்னும் சாட்சியமோ வலுவுடையது. ஆயினும் எந்த உப்பாயினும் எவ்வளவாயினும் என்று விரித்துக் கேட்கும் கோரிக்கைக்கு, ஒரே உப்பை ஒரே அளவில் கலந்து நடத்திய சோதனை போதாது. பரிசோதகர் அங்கே கோரிக்கையைச் சுருக்கச் சொல்வதே முறை.