காற்றைச் சமன் செய்யும் கலை

பக்கக்காற்றில் முன்னேறும் கடல் கயாக், தடுக்காமல் விட்டால் காற்று வரும் திசைக்கே முகத்தைத் திருப்பும். காரணம் நீருக்குள் இருக்கிறது. ஓடும் படகின் அணியம் நீரைப் பிளக்கும்போது, இரு புறமும் அழுத்தம் மிகுந்த நீர் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பின்முனை இருப்பதோ கலங்கிய, பிடிப்பற்ற நீரில். காற்று படகு முழுவதையும் தள்ளினாலும் வழுக்கி விலகுவது பின்முனைதான். துடுப்பை நிறுத்தினால் இரு முனைகளும் விடுபட்டு, கயாக் ஏறத்தாழ காற்றுக்குக் குறுக்காகக் கிடக்கும். பின்னோக்கிச் செலுத்தினால் பின்முனையே காற்றை நாடும்.

இந்த இயல்பை நல்ல வடிவமைப்பாளர் முற்றிலும் அழிப்பதில்லை, அளவாக விட்டுவைக்கிறார். காற்றை நோக்கித் திரும்பும் படகைப் பின்புறத் தகடு ஒன்றால் நேராக்கிவிடலாம். காற்றோடு ஓடப் பார்க்கும் படகுக்கு அந்தத் தகடு உதவாது.

கிரீன்லாந்தின் இனுவிட் வேட்டையர் தம் கயாக்குகளை நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாகக் கட்டினர். காற்றுக்குப் பிடிகொடுக்கும் பரப்பு அதனால் குறைந்தது. துப்பாக்கி வந்தபின், துடுப்பை விட்டுக் குறிபார்க்கும் நேரத்திலும் படகு திசை மாறாதிருக்க, கழற்றி மாட்டும் தகடு ஒன்றைப் பின்முனையில் பொருத்தினர்.

இன்றைய ஸ்கெக்கின் வேலையும் அதுவே. பின்பகுதியின் அடியில் உள்ள பெட்டியிலிருந்து கீழிறங்கும் இந்தத் தகடு இடமோ வலமோ திரும்பாது. பின்முனைக்குப் பிடிப்பு மட்டும் தரும். ஏற்றியிருந்தால் படகு காற்றை நோக்கும். முழுதும் இறக்கினால் பல கயாக்குகள் காற்றோடு திரும்பும். இடையில் எங்கோ ஓரிடத்தில் படகு நேரே ஓடும். தம்புராவில் மணியை நகர்த்திச் சுருதி சேர்ப்பவரின் காதுக்குள்ள கூர்மை, ஸ்கெக்கை இறக்குபவரின் இடுப்புக்கு வேண்டும். கரையில் கூழாங்கல் புகுந்தால் பெட்டி அடைத்துக்கொள்ளும் என்பது இதன் குறை.

சுக்கான் காலால் இயங்குவது. பின்னாலிருந்து சாய்வாக வரும் காற்றிலும் அலையிலும் அதன் அருமை தெரியும்: திசை திருத்தும் வேலையைக் கால் ஏற்க, இரு கைகளும் முன்னேறுவதற்கே உழைக்கின்றன. 1981-82இல் ஆஸ்திரேலியாவை முதன்முதலாகக் கயாக்கில் சுற்றிவந்த நியூசிலாந்துக்காரர் பால் காஃபின், நெடும்பயணத்துக்குச் சுக்கானே ஏற்றது என வாதிடுபவர். ஆனால் செங்குத்தான அலையின் முகட்டில் பின்முனை மேலெழும்போது, அங்கே தொங்கும் சுக்கான் நீரைவிட்டு வெளியேறிச் செயலிழக்கும். சறுக்கி நகரும் பழைய மிதிகளில் கால் ஊன்றவும் முடியாது. மிதி அசையாமல் நுனிவிரல் மட்டும் இயக்கும் புதிய அமைப்பு இதைத் தீர்த்திருக்கிறது. சுக்கானைப் பெரிதாகத் திருப்பினால் நீரின் தடையும் பெருகும். ஆகவே தேர்ந்தவர் அதைச் சிறிதே அசைக்கிறார்; வளைந்து திரும்புவதற்கு அல்ல, நேரே செல்வதற்கே பயன்படுத்துகிறார்.

இரண்டும் இல்லாத இடத்தில் உடலே சுக்கான். காற்று வரும் பக்கத்து விளிம்பை இடுப்பால் அழுத்திப் படகைச் சாய்த்தால், அது காற்றிலிருந்து விலகி வளையும். அதே பக்கத்தில் துடுப்பை அணியத்திலிருந்து பின்முனைவரை அகலமாக வீசினால் வளைவு கூடும். முனைகள் இரண்டும் நீரைவிட்டு எழும் அலைமுகட்டில் இதைச் செய்தால் பாதி உழைப்பு மிச்சம். சுமை ஏற்றும்போதே கலை தொடங்கிவிடுகிறது: கனமான பொருள்களைச் சற்றுப் பின்னால் வைத்தால் பின்முனை அமிழ்ந்து பிடிப்புப் பெறும், முன்னால் வைத்தால் காற்றை நோக்கும் போக்கு வலுக்கும்.

சுக்கானா ஸ்கெக்கா என்ற வாதத்தைவிட இந்த அடிப்படை பெரிது. சாய்வையும் சுமையையும் அறிந்தவரிடம் இரண்டுமே நுண்மையான கருவிகள். அறியாதவருக்கு அவற்றை இயக்கும் கம்பி அறுந்த அன்றே படகு வசப்படாமல் போகும்.