ஊர் என்பது யார்?

கலாசார விழா நடத்துகிறவர்கள் வாயில் இப்போது தவறாமல் அடிபடும் சொல் ‘மக்கள் பங்கேற்பு’. ஐரோப்பாவில் 1985இல் ஏதென்ஸில் தொடங்கி, ஆண்டுக்கொரு நகரத்துக்குக் ‘கலாசார நகரம்’ என்று முடிசூட்டி வந்தார்கள். 1990இல் கிளாஸ்கோவின் முறை. கப்பல் கட்டும் தொழில் நொடித்துப்போயிருந்த ஊர். நாவலாசிரியர் ஜேம்ஸ் கெல்மனும் வேறு சிலரும் ‘ஒர்க்கர்ஸ் சிட்டி’ என்ற பெயரில் கூடி, இந்த விழாவில் காணாமற்போனவன் கிளாஸ்கோ தொழிலாளிதான் என்று எழுதினார்கள். பிற்பாடு அத்திட்டத்தின் விதிகளிலேயே குடிமக்களின் பங்கேற்பு ஒரு தகுதியாகச் சேர்ந்தது. விதியில் ஏறிய எதற்கும் ஒரு படிவம் வந்துவிடும். படிவம் நிரப்புவது என் ஜீவனோபாயம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

நமக்குக் கிட்டத்து உதாரணம் சென்னை சங்கமம். 2007 பிப்ரவரியில் கனிமொழியும் ஜெகத் கஸ்பரும் முன்னின்று, அரசின் ஆதரவோடு தொடங்கியது. கரகமும் தப்பும் ஒயிலும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. சபா நாற்காலிகளுக்கு வெளியே கலை உண்டு என்பதைச் சென்னை கண்ணால் பார்த்தது. இதைக் குறைத்துச் சொல்வது அற்பத்தனம். 2011இல் ஆட்சி மாறியதும் விழா நின்றது. 2021இல் ஆட்சி மறுபடி மாறி, 2023 பொங்கலுக்கு ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரோடு திரும்பியது. ஆட்சியோடு போய் ஆட்சியோடு வருகிற ஒன்றை ஊர்த் திருவிழா என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

ஆனால் ‘ஊர்’ என்ற இந்தச் சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றிய சமவெளிக் கிராமங்களில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி கொடுத்தவன் ஊர்க்காரன். கூட்டத்தில் எழுந்து பேசலாம், சண்டை போடலாம். சாமி சாட்டுகிற அன்று தப்பு அடித்தால்தான் திருவிழா தொடங்கும். அந்தத் தப்பை அடிக்கிறவரிடம் பல கிராமங்களில் வரி வாங்குவதில்லை. இதைச் சலுகை என்று எண்ணிவிட வேண்டாம். வரி வாங்கினால் முதல் மரியாதை முதல் தேர் போகிற தெரு வரை எல்லாவற்றிலும் பாத்தியதை வந்துவிடும். அவர் இல்லாமல் விழா இல்லை, விழாவில் அவர் இல்லை. கிராமியக் கலை என்றதும் கண்ணில் நீர் தளும்பும் நண்பர்கள் இந்த வரிக்கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆகவே அந்தக் கலைஞர் நகரத்து மேடைக்கு வந்தது லாபந்தான். பெயர் சொல்லி அழைக்கிறார்கள், சால்வை போடுகிறார்கள். அங்கும் அவருடைய ஸ்தானம் என்ன என்பதுதான் கேள்வி. ஒரு நகர விழாவுக்குப் போய்வந்த தப்பாட்டக்காரர் ஒருவர் எங்கள் கவுண்டரில் நின்று சொன்னார்: “பத்து நிமிசம் குடுத்தாங்க சார். அடி ஏறுறதுக்கே அம்புட்டு நேரமாகும்.” தப்பைக் காய்ச்சத் தீ மூட்டவும் அனுமதி இல்லையாம். தோல் இறுகாத தப்பு எப்படிப் பேசும் என்பது கேட்டுப் பழகிய காதுக்குத்தான் தெரியும். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காது இல்லை, கைதட்டிவிட்டார்கள். தப்பான அடியை ‘தப்பு’ என்று சொல்லக்கூடிய பார்வையாளனை ஊரிலேயே விட்டுவிட்டுக் கலைஞரை மட்டும் பஸ் ஏற்றிக் கொண்டுவருவதைப் பங்கேற்பு என்கிறோம். கலைக்கு விமர்சகன் அவசியமில்லை என்ற நமது பழைய வியாதியின் இன்னொரு ரூபம் இது.

ஸ்தாபனங்களின் மதிப்பீட்டு முறைக்கு மாவட்டக் கலை மன்ற விருதுகளைப் பாருங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டால் கலை இளமணி, அதற்கு மேல் கலை வளர்மணி, பிறகு சுடர்மணி, நன்மணி, முதுமணி. பட்டத்தைத் தீர்மானிப்பது வயது. மூத்த குடிமக்களின் வைப்புத்தொகைக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி போடுகிற எனக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரிகிறது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2015 ஜனவரியில் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த விழாவில், டி.எம். கிருஷ்ணா போன்றவர்களின் முயற்சியால், கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடைக்கு வந்தன. மீனவர்களின் தெருவுக்குச் சபா ரசிகர் நடந்து போனார். கருவாட்டு வாசனையைச் சகித்த பெருமை சிலருக்கு இருந்திருக்கும்; இருக்கட்டும். விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்பது அங்கே இடம் மாறிற்று.

எங்கள் ஊர் உதாரணம் எனக்கு இன்னும் முக்கியம். திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் தலித் இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். ஸோயி ஷெரினியன் 2019இல் ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஆவணப்படமே எடுத்தார். ஊருக்காக ஆண்கள் அடித்த பறையைப் பெண்கள் தங்களுக்காக எடுத்துக்கொண்டதில், எங்கே அடிப்பது, எதற்கு அடிப்பது என்கிற தீர்மானமும் கூடவே கைமாறியது. மேடையில் இடம் கொடுப்பவர்கள் இந்தத் தீர்மானத்தை மட்டும் கொடுப்பதில்லை.

திண்டுக்கல்லுக்கும் இப்படி ஒரு கலாசார ஆண்டு ஒருநாள் வாய்க்கலாம். மலைக்கோட்டைக்கு விளக்குப் போடுவார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டைப் பந்தல் முகப்பில் பெரிதாகச் செய்து வைப்பார்கள். பூட்டுப் பட்டறைக்காரரையும் பேகம்பூர்த் தோல் தொழிலாளியையும் நாகல்நகர் நெசவாளியையும் வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே. கிராமத்தில் திருவிழா முடிந்த மறுவாரம் வரவு செலவு வாசிப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்து, பந்தலுக்கு இவ்வளவா, வெற்றிலை பாக்குக்கு இவ்வளவா என்று இரைவார். அப்படியொரு கூட்டம் இங்கேயும் நடக்கட்டும். அதில் முதல் கேள்வியைத் தப்பு அடித்தவர் கேட்கட்டும்.