கரைதலும் கரைத்தலும்: பள்ளி வேதியியலின் ‘கரைசல்’ கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், கரைசல், கரைப்பான், தெவிட்டிய கரைசல், தன்வினை, பிறவினை, பாடநூல் தமிழ்

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பா மொழியாக்கமா, வடசொல்லா தென்சொல்லா என்னும் வினாக்களைச் சுற்றியே அமைகின்றன. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1875-இல் வெளியிட்ட வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிட்டார். 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திரிய பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. இவ்வரலாறு பலரும் எழுதியதே. ஆயினும், ஒரு கலைச்சொல் மாணவரின் வீட்டுத் தமிழில் முன்னரே பெற்றுள்ள பொருளோடு எங்கே முரண்படுகிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் ‘கரைசல்கள்’ அலகை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை எழுப்புகிறது.

வீட்டில் கரைவதும் வகுப்பில் கரைவதும்

மதுரையின் மேற்கு விளிம்பில், வைகைக் கரையில் உள்ள கோச்சடையிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவர் ஒருவர் ‘கரை’ என்னும் வினையைப் பாடநூலுக்கு வெகு முன்பே அறிவார். வீட்டில் புளி கரைக்கப்படுகிறது; தோசை மாவு கரைக்கப்படுகிறது; சுண்ணாம்பும் சந்தனமும் மஞ்சளும் கரைக்கப்படுகின்றன. சதுர்த்தி முடிந்ததும் களிமண் பிள்ளையாரை நீரில் கரைக்கின்றனர். மேலக்கால், சோழவந்தான் பக்க வயல்களில் இயற்கை வேளாண்மை செய்வோர் சாணமும் கோமியமும் கலந்ததை ‘அமுதக் கரைசல்’ என்கின்றனர். வேதியியல் வரையறைப்படி இவற்றுள் எதுவும் முழுமையான கரைசல் அன்று. பெரும்பகுதி தொங்கல், சிறுபகுதி கூழ்மம். மெய்க் கரைசலில் துகள்களின் அளவு 1 நானோமீட்டருக்கும் குறைவு. அவை வடிதாளில் தங்குவதில்லை. அசையாமல் வைத்தாலும் அடியில் படிவதில்லை.

ஆகவே, தோசை மாவைக் ‘கரைசல்’ என எழுதும் மாணவர் தமிழறியாமல் எழுதவில்லை. தமிழை நன்கறிந்தே எழுதுகிறார். அவ்விடை தவறெனத் திருத்தப்படும்போது, எந்தத் தமிழ் தவறு என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. தொங்கலும் கூழ்மமும் ஒன்பதாம் வகுப்பில் வந்துவிட்டுப் போகின்றன. பத்தாம் வகுப்பு அலகின் மைய எடுத்துக்காட்டுகள் உப்பும் சர்க்கரையுமே. புளியே இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டாக அமையும். கரைத்த புளியில் டார்டாரிக் அமிலம் மெய்யாகவே கரைந்திருக்கிறது, சதைத் துணுக்குகள் மிதக்கின்றன. ஒரே பாத்திரத்தில் கரைசலும் தொங்கலும் கிடைக்கின்றன. மறுதலையாக, ஆழ்குழாயின் ‘உப்புத் தண்ணீர்’ தெளிவாக இருப்பதாலேயே அதனை எவரும் கரைசல் என்பதில்லை. கொதிக்க வைத்த பாத்திரத்தில் ஒட்டும் வெண்படிவே அதனுள் கரைந்திருந்ததற்குச் சான்று. நீரில் கரைந்திருந்த கால்சியம் ஹைட்ரஜன் கார்பனேட்டு, கொதிக்கும்போது ஏறத்தாழக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. (பாடத்தைக் ‘கரைத்துக் குடித்தவர்’ என்னும் வழக்கில் மட்டும் எதுவும் அடியில் தங்குவதில்லை போலும்.)

கரைப்பான் யார்?

கரைபொருள், கரைப்பான், கரைசல் ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆங்கில வழிப் பாடத்திலும் இம்மூன்றுக்கும் வேர் ஒன்றே; ஆயினும் அவ்வேர் இலத்தீனுடையது, மாணவர் பேசும் மொழியினது அன்று. தமிழில் அது அடுக்களை வினை. இது கலைச்சொல்லாக்கத்தின் உறுதியான வெற்றி எனலாம். ஆனால் இலக்கணம் ஒரு கருத்தையும் உடன் ஏற்றுகிறது. ‘கரைபொருள்’ தன்வினை அடியாகப் பிறந்த வினைத்தொகை, தானே கரைவது. ‘கரைப்பான்’ பிறவினை அடியாகப் பிறந்தது, பிறிதொன்றைக் கரைப்பது. துடைப்பான், அழிப்பான் வரிசையில் வைத்துக் கேட்கும் செவிக்கு, நீர் வேலை செய்கிறது, உப்பு செயலற்றுக் கிடக்கிறது என்றே படும்.

பாடநூலின் வரையறை இதற்கு இடந்தருவதில்லை. அளவில் மிகுந்தது கரைப்பான், குறைந்தது கரைபொருள் என்பதே அது. 70 விழுக்காடு எத்தனால் கொண்ட சானிடைசரில் எத்தனாலே கரைப்பான். ‘சர்வகரைப்பான்’ எனப் புகழப்படும் நீர் அங்கே கரைபொருள். கரைத்தல் ஒருவர் செயலும் அன்று: நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனை சோடியம் அயனியையும், ஹைட்ரஜன் முனை குளோரைடு அயனியையும் சூழ்கின்றன, ஈர்ப்பு இருபாலும் உண்டு. தமிழ்ப் பாடவேளையில் தன்வினை, பிறவினை கற்கும் அதே மாணவருக்கு இவ்விரு சொற்களையும் எடுத்துக்காட்டாகத் தரும் வாய்ப்பை இரு பாடநூல்களும் தவறவிடக் கூடாது.

தெவிட்டியதா, நிரம்பியதா?

இலங்கைப் பாடநூல்கள் கரைபொருளைக் ‘கரையம்’ என்கின்றன. நாம் ‘தெவிட்டிய’ என்பதை அவை ‘நிரம்பிய’ என்கின்றன. ஒன்று நாவின் உருவகம், மற்றது கலத்தின் உருவகம். முதற்பார்வைக்கு இலங்கைச் சொல்லே தெளிவானது. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் சமையல் உப்பு 36 கிராம் வரை கரையும், சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம் வரை கரையும். அவ்வளவு சர்க்கரை சேர்வதற்கு வெகு முன்பே நமக்குத் தெவிட்டிவிடும்; நீருக்குத் தெவிட்டாது. தெவிட்டல் உண்பவருக்கு உரியது என்பதால் இச்சொல்லும் நீரையே வினைமுதலாக்குகிறது.

எனினும் அதிதெவிட்டிய கரைசலில் நிலைமை மாறுகிறது. நிரம்பிய கலத்தில் மேலும் ஊற்றினால் வழியும், உள்ளே நிற்காது. தெவிட்டியவரோ வற்புறுத்தினால் இன்னும் சிறிது உண்பார். பின்பு சிறு தூண்டலில் மிகையனைத்தும் வெளிவரும். சோடியம் தயோசல்பேட்டின் அதிதெவிட்டிய கரைசலில் ஒரு படிகத் துணுக்கை இட்டால் நிகழ்வது இதுவே: மிகையாகக் கரைந்திருந்தது சட்டெனப் படிகமாகிறது. இவ்விடத்தில் தமிழ்நாட்டுச் சொல் அறிவியலுக்கு நெருங்கி நிற்கிறது. மேலும், ‘தெவிட்டிய கரைசல்’, ‘நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்’ என இருவேறு கருத்துகளுக்கு இருவேறு சொற்களை வழங்கியதும் நம் மரபின் நுட்பமே.

இரு உருவகங்களும் தோற்கும் இடம் ஒன்றுண்டு. தெவிட்டியவர் உண்பதை நிறுத்துகிறார். நிரம்பிய கலம் ஏற்பதை நிறுத்துகிறது. தெவிட்டிய கரைசலில் எதுவும் நிற்பதில்லை. அடியில் கிடக்கும் உப்பு கரைந்துகொண்டே இருக்கிறது, கரைந்த உப்பு அதே வேகத்தில் படிகமாகிக்கொண்டும் இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் ‘சமநிலை’ கற்கும்போது மாணவர் இதனைச் சந்திக்கிறார். ‘தெவிட்டிய’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் முடிந்துவிட்டதாகக் காட்டிய செயல் முடியவே இல்லை என அங்கே அவர் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.