பார்க்காமலே புகழ்ந்த படங்கள்

உயர்தர வகுப்பில் கவிதை நயம் எழுதச் சொன்னால் முப்பது விடைத்தாளில் இருபத்தைந்து ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும். "கவிஞர் மிக அழகாக எடுத்தியம்பியுள்ளார்", "சொல்லாட்சி நெஞ்சைக் கொள்ளை கொள்கிறது". எந்தச் சொல், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. போன வருஷம் ஒரு பிள்ளை வகுப்பு முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "டீச்சர், எனக்கு அந்தக் கவிதை பிடிக்கல்ல. அப்படியே எழுதினா மார்க்ஸ் தருவாங்களா?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, நானும் அந்த இருபத்தைந்து பேரில் ஒருத்திதான் என்று. உலக சினிமா என்று பேச்சு வந்தால் இருபது வருஷமாக நானும் 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'டோக்கியோ ஸ்டோரி', 'பேட்டில் ஒஃப் அல்ஜியர்ஸ்' என்று அடுக்குவேன். ஆசிரியர் அறையில் பேசியிருக்கிறேன். ஒரு நூல் வெளியீட்டில் மேற்கோளும் காட்டியிருக்கிறேன். மூன்றில் ஒன்றையாவது பார்த்ததில்லை. எங்கட வீட்டில் வாப்பா இருக்கும்வரை டீவியே நுழையவில்லை. கெம்பஸில் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தபோது படம் பார்த்தவர்கள் பேசியதைக் கேட்டதோடு சரி. வாப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். பார்க்காததைப் பார்த்த மாதிரிப் பேசியது என்னுடைய குற்றம். டிசம்பர் விடுமுறையில் மகன் மூன்றையும் பென் டிரைவில் ஏற்றித் தந்தான். இது அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சி.

விட்டோரியோ டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' 1948இல் வந்தது. போர் முடிந்த ரோம் நகரம். வேலையில்லாமல் அலைந்த அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை, சைக்கிளோ அடகில். மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவிக் கழுவிக் கொண்டுபோய் அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. பிறகு படம் முழுக்கத் தகப்பனும் மகன் புரூனோவும் அதைத் தேடி அலைகிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அடகுக் கடைக் காட்சி என்னை உலுக்கிவிட்டது. மரியாவின் மூட்டையை வாங்கிய ஊழியன் அதைத் தூக்கிக்கொண்டு கூரை தொடும் தட்டுகளில் ஏறுகிறான். தட்டு தட்டாக மற்ற வீடுகளின் விரிப்பு மூட்டைகள். ஒரு வசனம் இல்லாமல் ஒரு நகரத்தின் வறுமை தெரிந்துவிடுகிறது. பிள்ளையின் படிப்புக்காகக் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த உம்மாமாரைக் கண்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இத்தனையும் செய்த மரியா படத்தின் முற்பகுதியோடு காணாமல் போகிறாள். வீட்டில் அவள் என்ன ஆனாள், அன்றிரவு என்ன சமைத்தாள் என்று படம் கேட்கவில்லை. கடைசியில் அன்டோனியோ தானே ஒரு சைக்கிளைத் திருடப்போய் மகன் பார்க்கப் பிடிபட்டு அவமானப்படும்போது கண் கலங்கியது உண்மை. அவர்கள் இருவரும் கைகோத்துக் கூட்டத்தில் நடந்துபோகிற நேரத்தில் எனக்கு மரியாவின் ஞாபகம்தான் வந்தது. விரிப்பில்லாத கட்டிலில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தானே.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) முதல் தடவை என்னைத் தூங்க வைத்தது. கமரா தரையோடு இருக்கிறது, அசைவதே அபூர்வம். ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்கத் டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ ஒருத்திதான் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டித் திரிகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறார்.

இரண்டாம் தடவை பார்த்தபோது தூக்கம் வரவில்லை. அடக்கம் முடிந்த கையோடு மூத்த மகள் ஷிகே, உம்மாவின் இன்ன உடுப்பு எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். கடைக்குட்டி கியோகோ, அவளும் ஓர் ஆசிரியை, கொதித்துப்போகிறாள். நம் மௌத்து வீடுகளில் மூன்றாம் கத்தம் முடியும் முன்னே அலுமாரித் திறப்பைத் தேடுகிற கைகளை யார்தான் காணவில்லை? ஆனாலும் ஷிகேயை இத்தனை கடுமையாக வரைந்திருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். அவளைத் திட்டிவிட்டு நாம் தப்பிவிடுகிறோம். நானோ ஷிகே இல்லை, வேலைப்பளு உள்ள நல்ல மகள் என்று எண்ணிக்கொண்டு லெப்டொப்பை மூடினேன். உம்மாவுக்குக் கோல் எடுத்துப் பத்து நாளாகியிருந்தது.

மூன்றாவது படத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தாலிய இயக்குனர் கில்லோ பொன்டெகோர்வோவின் 'பேட்டில் ஒஃப் அல்ஜியர்ஸ்' 1966இல் வெளிவந்து அந்த வருஷமே வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. 1830 முதல் 1962 வரை, 132 வருஷம், அல்ஜீரியா பிரான்ஸின் பிடியில் இருந்தது. அந்த ஆட்சிக்கு எதிராக அல்ஜியர்ஸின் கஸ்பா பகுதியில் நடந்த போராட்டமே கதை. போராட்டத் தலைவர்களில் ஒருவரான சாதி யாசிஃபே இதில் நடித்திருக்கிறார். முக்கிய பாத்திரங்களில் தொழில்முறை நடிகர் கேர்ணல் மத்தியூவாக வரும் ஜோன் மார்ட்டின் மட்டுமே. பழைய செய்திப்படம்போலத் தோன்றினாலும் ஒவ்வொரு காட்சியும் புதிதாக எடுக்கப்பட்டது.

நம்மவர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பெருமையோடு பேசுவார்கள். முஸ்லிம் மக்கள் ஏகாதிபத்தியத்தை வென்ற கதை, 'எங்கட படம்' என்று. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். பார்த்த பிறகு அப்படிச் சொல்ல நா எழவில்லை.

இரவில் கஸ்பாவுக்குள் பொலிஸார் குண்டு வைக்கிறார்கள். வீடுகள் இடிந்து பிள்ளைகளின் உடல்களை வெளியே தூக்குகிறார்கள். அதற்குப் பதிலாக மூன்று பெண்கள் அனுப்பப்படுகிறார்கள். கண்ணாடி முன் நின்று ஹாயிக்கைக் களைகிறார்கள், ஒருத்தி கூந்தலை வெட்டுகிறாள், உதட்டுக்குச் சாயம் பூசுகிறார்கள். பின்னணியில் மேள ஒலி மட்டும். ஐரோப்பியப் பெண்களாக மாறிச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிறார்கள். வேறொரு இடத்தில் ஆண்களே ஹாயிக்கைப் போர்த்திக்கொண்டு தப்பப் பார்க்கிறார்கள், சப்பாத்து காட்டிக் கொடுக்கிறது. கழற்றினாலும் வேஷம், போர்த்தினாலும் வேஷம்.

இதை 2019க்கு முன்னர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பேனோ என்னவோ. அந்த ஏப்ரல் 21இல் 250க்கும் அதிகமானோர் கொல்லப்பட்ட பிறகு, அவசரகாலச் சட்டத்தில் முகம் மூடுவது தடையான அந்த நாட்களில், எந்த வாசலிலும் என் அபாயாவை மற்றவர்கள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இருபது வருஷம் படிப்பித்த டீச்சர் ஒரே கிழமையில் சோதிக்கப்பட வேண்டிய ஆளாகிவிட்டேன். கண்ணாடி முன் நிற்கும் அந்தப் பெண்களைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது அதனால்தான்.

அடுத்து சிற்றுண்டிக் கடை. கூடையைக் காலுக்குக் கீழே தள்ளிவிட்ட பெண் சுற்றிலும் பார்க்கிறாள். கமராவும் அவளோடு சேர்ந்து பார்க்கிறது. ஒரு சின்னப் பிள்ளை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருக்கிறது. குண்டு வெடித்த பிறகு வரும் துயர இசை, கஸ்பாவில் இடிபாட்டிலிருந்து பிள்ளைகளைத் தூக்கியபோது வந்த அதே இசை. பொன்டெகோர்வோ அல்ஜீரியர்களின் பக்கம் நின்றவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்து மையித்துக்கும் ஒரே இசையைக் கொடுத்தார். படத்தைப் பார்க்காமல் புகழ்ந்தவர்களுக்கு இந்த இசை கேட்டிருக்காது.

பின்னால் ஓர் இடத்தில், பெண்களின் கூடைகளில் குண்டு அனுப்புவது கோழைத்தனமில்லையா என்று பத்திரிகையாளர் கேட்க, கைதான தலைவர் பென் மஹீதி, உங்கள் குண்டுவீச்சு விமானங்களை எங்களுக்குத் தாருங்கள், கூடைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் சொல்கிறார். நம் மேடைகளில் கைதட்டல் வாங்கும் பதில். வாதத்தில் அது சரியான பதிலும்கூட. ஆனால் இயக்குனர் அந்தப் பதிலுக்கு வெகு முன்னரே ஐஸ்கிரீம் பிள்ளையைக் காட்டிவிட்டார். பதிலைக் கேட்கும்போது அந்தப் பிள்ளை நம் கண்ணில் நிற்கிறது. படத்தின் நேர்மை இந்த வரிசையில் இருக்கிறது.

இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே ஓர் ஆக்கிரமிப்பு இருந்தது, சித்திரவதைக் கூடங்கள் இருந்தன. படம் தொடங்குவதே சித்திரவதைக்குள்ளான ஒரு மனிதனின் முகத்தோடுதான். இங்கே தேவாலயத்தில் ஈஸ்டர் ஆராதனைக்கு வந்திருந்தவர்கள் யாரையும் அடிமைப்படுத்தியவர்கள் அல்லர். இரண்டும் ஒன்று என்பவர்கள், அவர்கள் நம்மை வெறுப்பவர்களாக இருந்தாலும் நம்மில் சிலராக இருந்தாலும், பொய் சொல்கிறார்கள். ஆனாலும் நியாயமான போராட்டத்தின் கதையில்கூட அந்தப் பிள்ளையை மறைக்காத ஒரு படத்தை 'எங்கட வெற்றி' என்று மட்டும் சுருக்குவது அந்தப் படத்துக்கே செய்யும் அநியாயம்.

இந்தப் படத்திலும் எனக்கொரு மனத்தாங்கல் இருக்கிறது. அந்த மூன்று பெண்களும் வாய் திறப்பது அபூர்வம். அவர்கள் யாருடைய பிள்ளைகள், அன்றிரவு தூங்கினார்களா, ஒன்றும் தெரியாது. அவர்களின் முகமும் கையும் படத்துக்குத் தேவைப்பட்டன, பேச்சு தேவைப்படவில்லை. நம் உடுப்பைப் பற்றி ஊரெல்லாம் பேசிய நாட்களில் நம்மிடம் யாரும் கேட்காததுபோலத்தான் இதுவும்.

மூன்றும் பெரிய படங்கள்தான். அந்தத் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் முன்பு அது மற்றவர்கள் தந்த தீர்ப்பு. இப்போது பிடித்த இடமும் பிடிக்காத இடமும் எனக்குத் தெரியும், ஏன் என்றும் சொல்ல முடியும்.

முதலாம் தவணை தொடங்கியதும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "பிடிக்கல்ல என்று எழுது மகள். எந்த வரி, ஏன் பிடிக்கல்ல என்றதையும் எழுது. நான் மார்க்ஸ் தருவேன். சோதனையில வேற ஆள் திருத்தினா என்ன நடக்கும் என்டு எனக்குச் சொல்ல ஏலாது." அவள் யோசித்துவிட்டு, "அப்ப முதல்ல கவிதைய ஒழுங்கா வாசிக்கோணுமே டீச்சர்" என்றாள்.

அடுத்த விடுமுறைக்கு மகன் 'பதேர் பாஞ்சாலி'யை ஏற்றித் தந்திருக்கிறான். அதைப் பற்றியும் நான் இருபது வருஷமாகப் புகழ்ந்து பேசியிருக்கிறேன்.