மருத்துவமாதுவுக்குப் பின்னால் நிற்கும் நிபுணர்

இலங்கையில் ஒரு பெண் கருவுற்றால் முதலில் வீடு தேடி வருபவர் மருத்துவமாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை வளர்ந்து, ஊர்தோறும் ஒரு மருத்துவமாதுவை நிறுத்தியது. பதிவு, கிளினிக், பிரசவத்துக்குப் பின் வீட்டு வருகை எல்லாம் அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலும் சுகப்பிரசவத்தைப் பெரும்பாலும் மருத்துவமாதுகளே பார்க்கிறார்கள். 'வி.ஓ.ஜி.' எனப்படும் மகப்பேற்று நிபுணர் சிக்கலுக்கு உரியவர். 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய் மரணம் இன்று 30 அளவில் நிற்பதற்கு இந்த வேலைப் பிரிவினை பெரிய காரணம்.

அந்த நிபுணர் உருவாகும் வழி ஒன்றே ஒன்று: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம். எம்.டி. தேர்வில் தேறினாலும் பயிற்சி முடிவதில்லை. சிரேஷ்ட பதிவாளர் என்ற பயிற்சி மருத்துவராக மேலும் பழக வேண்டும். அதில் ஓராண்டு வெளிநாட்டு மருத்துவமனையில். அதன் பிறகே நிபுணர் நியமனம். நீண்ட, கண்டிப்பான பாதை. அதனால்தான் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நிபுணர்கள் நாட்டைவிட்டுப் போனபோது, ஒருவர் விட்ட இடத்தை நிரப்புவது அத்தனை கடினமாயிற்று.

இந்தியாவில் வழிகள் பல. எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, மூன்றாண்டில் எம்.எஸ். அல்லது எம்.டி.; இல்லையேல் டி.என்.பி. இவற்றில் ஒன்றை முடித்தால் போதும், மேற்பயிற்சி இல்லாமலே தனியாகச் சிகிச்சை பார்க்கலாம். மூன்றாண்டு குறைவுதானே என்று தோன்றும். ஆனால் 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற இடத்தில் ஒரு பி.ஜி. மாணவி பார்க்கும் வலிப்பும் உதிரப்போக்கும் வேறெங்கும் எளிதில் கிடைக்காத பாடம். நிபுணர் போதாத மாவட்டங்களுக்காக எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குச் சிசேரியனும் மயக்க மருந்தும் சில மாதங்களில் கற்பித்த துணிச்சலும் இந்தியாவுடையது. அவசரத்துக்கு எடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். 24 மணி நேரமும் இயங்கும் 'சீமாங்' எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையங்களின் துணையோடு தமிழ்நாடு தாய் மரணத்தை 54ஆகக் குறைத்தது (2018–20). அப்போது நாட்டின் சராசரி 97.

எனினும் ஒன்று உறுத்துகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிறப்புகள் சிசேரியன் (2019–21). இலங்கையிலும் எண்ணிக்கை ஏறித்தான் வருகிறது. பயிற்சியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் நம் பி.ஜி. மாணவர் நெரிசல் மிகுந்த பிரசவ வார்டில், சிக்கலுக்கு நடுவிலேயே பிரசவத்தைக் கற்கிறார். அனுபவமுள்ள மருத்துவமாது ஒருவர் வலியெடுத்த பெண்ணின் பக்கத்தில் மணிக்கணக்கில் இருந்து, நடக்கச் சொல்லி, இடுப்பைத் தேய்த்துவிட்டு, குழந்தை தானாக இறங்கும்வரை பொறுத்திருப்பதைக் காண அவருக்கு வாய்ப்பே இல்லை. நம் கிராம சுகாதார செவிலியர்களும் தடுப்பூசி, பதிவேடு என்று பிரசவத்திலிருந்து விலகிப் போனார்கள்.

2018இல் மத்திய அரசு செவிலியர்களுக்கு 18 மாத மகப்பேறுப் பயிற்சியை அறிவித்தது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் பிரசவப் பிரிவில், பி.ஜி. மாணவர்கள் முதலாண்டிலேயே சில மாதங்களாவது, கத்தியைத் தொடாமல், அவர்களுக்குக் கீழே வேலை பழக வேண்டும்.