மேடையேறிய ஊர்: 'சரிகமப' பற்றிய ஒரு நோக்கு

நாவலையும் நாடகத்தையும் நுணுகி ஆராயும் நாம், சனி ஞாயிறு மாலைகளை ஆட்கொண்டுள்ள சின்னத்திரையை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுகிறோம். அரியாலையில் வாழ்வோருக்கு அவ்வாறு ஒதுக்க இயலாத நிகழ்ச்சியொன்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஜீ தமிழ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மூன்றாவது பருவத்தில் எமது ஊர்ச் சிறுமி கில்மிஷா முதலிடம் பெற்றார். இறுதிச்சுற்று அவ்வாண்டு டிசம்பர் 17ஆந் திகதி சென்னையில் நடைபெற்றது. அக்காலத்தில் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தமையால் எனக்குப் பல வாரங்கள் தவறிப்போயின. விடுபட்டவற்றை அண்மையில் ஒரு வார இறுதியில், இரு பகலும் ஓரிரவுமாக, இணையத்தில் ஒரே தொடராகப் பார்த்து முடித்தேன்.

காத்திருந்து பார்ப்பது நமக்குப் பழகிய காரியம். 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னர் உயர்ந்த கம்பங்களில் அன்ரெனா கட்டி இந்தியத் தொலைக்காட்சியையும் பிடித்துப் பார்த்தவர்கள் எம் முன்னோர். 1990இல் குடாநாட்டின் மின்சாரம் நின்றபின் மண்ணெண்ணெயில் ஓடிய மின்பிறப்பாக்கிகளைக் கொண்டு படம் பார்த்த தலைமுறையொன்றும் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் காத்திருக்கையில் இடையிலுள்ள ஐந்து நாட்களும் பார்வையாளருக்கே உரியன. கிணற்றடியிலும் கடைவாசலிலும் பாட்டைப் பற்றிப் பேசி, நடுவர்களோடு முரண்பட்டு, நிகழ்ச்சியின் பாதியை நாமே ஆக்கிக்கொள்கிறோம். தொடர்ச்சியாகப் பார்ப்பவருக்கு அந்த இடைவெளி இல்லை. அதனால் நிகழ்ச்சியின் எலும்புச் சட்டகம் அவருக்குத் துலக்கமாகத் தெரிகிறது.

அச்சட்டகம் வருமாறு. முதலில் போட்டியாளரின் வாழ்க்கையைக் கூறும் சிறு காட்சித்தொகுப்பு; பின்னணியில் மெல்லிய சோக இசை. அடுத்துப் பாடல். பாடலுக்கு நடுவே நடுவர்களின் கலங்கிய கண்கள், பெற்றோரின் கூப்பிய கைகள். ஈற்றில் பொன்னிறத் தாள்களின் மழை. ஒருமுறை பார்க்கையில் நெஞ்சை உருக்கும் இவ்வொழுங்கு பத்தாவது முறை வருகையில் வாய்பாடாகிவிடுகிறது. இங்கே துன்பம் ஓர் அனுமதிச் சீட்டு. அதுவும் முடிந்துபோன துன்பமாக இருத்தல் வேண்டும். பாடல் முடியும்போது தீர்ந்துவிடக்கூடிய துன்பத்துக்கே அம்மேடையில் இடமுண்டு.

அதே பருவத்தில் புசல்லாவையைச் சேர்ந்த அசானியும் பாடினார். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தமை நினைவுகூரப்பட்ட ஆண்டு அது. தேயிலைத் தோட்டத்தின் இரு நூற்றாண்டுகளை ஒரு சில நிமிடக் காட்சிக்குள் எவரால் அடக்க முடியும்? அடக்க முயலுகையில் கூலியும் காணியுரிமையும் கழிந்துபோக, கண்ணீர் மாத்திரமே எஞ்சுகிறது.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. ஒரு குரல் திடீரென முளைப்பதில்லை. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விடியற்காலையில் சுருதிப் பெட்டியோடு அமர்ந்திருக்கிறார்கள். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் பயின்று வந்த ஆசிரியர்கள் குடாநாட்டுப் பாடசாலைகள் தோறும் கற்பித்திருக்கிறார்கள். கோயில் வீதிகளில் இரவிரவாக இசை நாடகம் நடந்த மண் இது. பாடகரை இத்தகைய மரபின் விளைவாகக் காட்டுவதற்கு உழைப்பு வேண்டும். இடிபாட்டில் பூத்த மலராகக் காட்டுவது எளிது. கில்மிஷாவின் பாடலோ இந்தச் சட்டகத்துக்கு அடங்காதது என்பதே என் துணிபு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது விளங்கும்.

அரியாலை மீண்டும் திரையில் தோன்றியது 2025இல். பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை வேலைக்காக மண் வெட்டப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின் பேரில் மே மாதம் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. அவற்றோடு ஒரு பிள்ளையின் நீலநிறப் புத்தகப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. செய்தியில் இது சில நிமிடங்களே இடம்பெற்றது. பின்னணி இசை இல்லை, நடுவர் இல்லை, இன்ன வாரத்தில் முடியும் என்ற கணக்கும் இல்லை. முன்னைய வெற்றிக்கு வீதியெங்கும் வெடி கொளுத்திய அதே ஊர், அந்நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தி பார்த்தது. இரண்டும் ஒரே ஊர்தான் என்பதைச் சொல்ல ஒரு வடிவம் நமது தொலைக்காட்சியிடம் இன்னும் இல்லை. நமது எழுத்திடமும் உண்டு என்று துணிந்து கூற மாட்டேன்.

அந்த வார இறுதியில் அம்மம்மாவும் என் அருகில் இருந்தார். 2023இல் ஒரு வாரமும் தவறாது பார்த்தவர் அவர். ஒவ்வொரு பிள்ளையின் வாழ்க்கைக் காட்சி தொடங்கும்போதும் கண்களை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என எண்ணி ஒலியைக் குறைக்கப் போனேன்.

"இனிப் பாட்டுத்தானே மோனை? குறைக்காதை" என்றார்.