சிங்கக் கொடியும் ஓரத்துப் பட்டைகளும்

உருவம், உள்ளடக்கம் பற்றி நம்மிடையே நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் கவிதையையும் நாவலையும் தாண்டிச் செல்வதில்லை. ஆனால் ஓர் அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மிகச் சுருக்கமான வாசகம் அதன் கொடியே. சொல்லற்ற வாசகமாதலின் அதற்கு உரை எழுதும் உரிமையையும் அரசே எடுத்துக்கொள்கிறது. இலங்கைக் கொடிக்கு வழங்கும் உரையை நமது மாணவர் யாவரும் அறிவர்: சிங்கம் சிங்கள இனத்தைக் குறிக்கும், செம்மஞ்சட் பட்டை தமிழரையும் பச்சைப் பட்டை முஸ்லிம்களையும் குறிக்கும், சுற்றியமைந்த மஞ்சட் கரை எல்லோரையும் அணைத்து நிற்கும். இந்த உரையை ஒருபுறம் வைத்துவிட்டு மூலத்தை நோக்குவோம்.

கருஞ்சிவப்புப் புலத்தில் வாளேந்திய பொற்சிங்கம் நிற்கிறது. அப்புலத்தின் நான்கு மூலைகளிலும் அரசிலைகள். நான்கு பக்கமும் மஞ்சட் கரை. அக்கரைக்கு வெளியே, கம்பத்தின் பக்கமாக, இரு பட்டைகள். வெளிக்கரை பட்டைகளையும் சேர்த்து வளைக்கிறது என்பது உண்மை. ஆயினும் சிங்கத்துக்கும் பட்டைகளுக்கும் இடையே இன்னொரு மஞ்சட் கோடு சுவர்போல் எழுந்து நிற்கின்றது. பட்டைகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது குறைவற்ற முழுக் கொடி. சிங்கத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது இரு துணித்துண்டுகள். அணைப்பைப் பற்றி உரை பேசுகிறது. உருவமோ முதலில் ஒரு வீட்டைக் கட்டி முடித்துப் பின்னர் அதற்குத் தாழ்வாரம் இறக்கியிருக்கிறது. சிங்கம் வாளை உயர்த்தியபடி பட்டைகளை நோக்கியே நிற்பதையும் பலர் சுட்டுவதுண்டு. கொடியிலுள்ள விலங்கு கம்பத்தை நோக்குவது பொதுவான மரபாதலின், இதனை வஞ்சகம் என்று நான் கருதவில்லை. எனினும் அந்த மரபை அறிந்தவர்கள்தாம் பட்டைகளை அங்கே வைத்தார்கள்.

இக்கொடியின் பிறப்பில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1815இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற கண்டி அரசனின் கொடியே இதற்கு மூலம். அவ்வரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழிவந்தவன். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடையவன். வேலூர்ச் சிறையில் 1832இல் இறந்தவன். அவனது கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டுமென 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பின் முஸ்லிம் உறுப்பினர் சின்னலெப்பை. தென்னிந்திய வம்சத்து மன்னனின் கொடியை முஸ்லிம் ஒருவர் முன்மொழிய, அது ஓர் இனத்தின் தனிச்சின்னமாகவே உருப்பெற்றது. சின்னத்தின் பொருள் அதன் பிறப்பில் இல்லை, அதனை ஏந்தும் அதிகாரத்திலேயே இருக்கிறது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைத்தற்கரிது.

எதிர்ப்பு எழுந்தது. 1948 மார்ச்சில் டி. எஸ். சேனாநாயக்கா எழுவர் கொண்ட குழுவொன்றை நியமித்தார். பண்டாரநாயக்கா தலைவர்; கொத்தலாவல, ஜே. ஆர். ஜயவர்த்தனா, ரி. பி. ஜாயா, எல். ஏ. ராஜபக்ஷ, ஜீ. ஜீ. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் உறுப்பினர். இடதுசாரி ஒருவரும் இல்லை. மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. குழு நிறங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்திற்றான் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான அத்தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. தமிழருக்கென ஒரு பட்டையைத் தைத்துக்கொண்டே தமிழரிற் பெரும்பகுதியினரை நாட்டின் கணக்கிலிருந்து அழித்த ஆளும் வர்க்கத்தின் கைத்திறனை என்னென்பது! செம்மஞ்சட் பட்டையில் மலையகத்தானுக்கு எத்தனை நூலிழை உரியது என்று அக்குழுவிடம் கேட்பார் இருக்கவில்லை.

நடேசன் ஒருவரே இணங்க மறுத்தார். பட்டைகள் சிங்கக் கொடிக்கு வெளியே நிற்கின்றன, ஆதலால் இவ்வடிவம் ஒற்றுமையைக் காட்டாது, பிரிவையே காட்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவர் மார்க்சியவாதியல்லர், ஆயினும் உரையை நம்பாது உருவத்தைப் பார்த்தார். அவரது மறுப்பு ஒதுக்கப்பட்டு, 1951இல் கொடி ஏற்கப்பட்டது.

இனத்துக்கொரு நிறம் என்று பங்கிடும் வழியை இந்தியக் காங்கிரசும் முன்னரே முயன்று பார்த்ததுண்டு. 1921இல் காந்தியடிகள் கருதிய கொடியில் சிவப்பு இந்துக்களுக்கும் பச்சை முஸ்லிம்களுக்கும் வெள்ளை ஏனையோருக்கும் உரியனவாயின. சீக்கியர் தமக்கும் ஒரு நிறம் வேண்டுமெனக் கேட்டனர், கேட்பது நியாயந்தானே. 1931இல் காங்கிரஸ் நிறங்களுக்கு வகுப்புப் பொருள் இல்லையெனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தால் இந்தியாவில் வகுப்புவாதம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் நமது குழு அண்டை நாடு கைவிட்ட முறையையே கைக்கொண்டது என்பதை மறத்தல் ஆகாது.

இதனினும் கசப்பான அத்தியாயம் 1972. குடியரசு பிறந்தது, சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் கூட்டரசாங்கத்தில் இருந்தன, அரசியலமைப்பு விவகார அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. பட்டைகளை உள்ளே கொணரவோ வேறு சின்னம் தேடவோ அதனினும் ஏற்ற தருணம் வாய்த்ததில்லை. நடந்தது யாது? புத்தமதத்துக்கு முதன்மையிடம் வழங்கிய யாப்பு வந்தது. அதே ஆண்டில் கொடியின் மூலைகளில் இருந்த அலங்காரங்கள் அரசிலைகளாயின. மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்னும் நான்கு நற்குணங்களை அவை குறிக்கும் என்று உரையும் எழுதப்பட்டது. குணங்களில் எவருக்கும் பகையில்லை. ஆனால் அவை முளைத்தது சிங்கம் நிற்கும் புலத்தில். பட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 1956இல் சம உரிமைக்காகப் பாராளுமன்றத்தில் முழங்கிய தலைவர்கள், அமைச்சர்களானபின் இதனை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை.

உருவம் தன் வேலையைச் செய்யாது விடவில்லை. 2015 ஏப்ரலில் கொழும்பில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்தில் பட்டைகளற்ற சிங்கக் கொடிகள் உயர்ந்தன. அவற்றைப் பிடித்தவர்களைக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஆனால் வெட்டுவதற்கு வாய்ப்பான இடத்தைக் கோடிட்டுக் காட்டியவர்கள் 1951இன் கனவான்களே.

2022இல் காலிமுகத் திடலில் இளைஞர்கள் ஏந்தியதும் இக்கொடியே. அங்கே அவ்வாண்டு மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டனர், கஞ்சி பகிரப்பட்டது. பழைய துணிக்குப் புதிய பொருள் தர மக்களால் இயலும் என்பதற்கு இதனைச் சான்றாகச் சிலர் காட்டுகின்றனர். நான் மறுக்கவில்லை. எனினும் திடல் கலைந்தபின் கொடி பழைய கம்பத்துக்கே திரும்பிற்று. வகுப்பில் இப்பாடம் வரும் நாளில் ஆசிரிய நண்பர்கள் ஒன்று செய்யலாம்: பட்டைகளின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டு, எஞ்சியிருப்பது என்னவென்று மாணவரைக் கேட்கலாம்.